ஜோசஃபின் பெர்த்தோவை எந்தப் பக்கம் வைப்பது

அனுப்புநர்:
அ. ஞானசேகரன்,
பிரெஞ்சு மற்றும் தமிழ் ஆசிரியர்,
பிரேசர் டவுன், கண்டோன்மென்ட்,
பெங்களூர்.

பெறுநர்:
உயர்திரு கல்லறைத் தோட்டங்களின் கண்காணிப்பு அதிகாரி அவர்கள்,
கண்டோன்மென்ட்,
பெங்களூர்.

பொருள்: சென்ற அக்டோபர் மாதக் காய்ச்சலில் இறந்து, ஐரோப்பியர் பகுதியில் அடக்கம் செய்யப்பட்ட என் மனைவி ஜோசஃபினையும், நேட்டிவ் கிறிஸ்தவர் பகுதியில் ஏற்கெனவே அடக்கம் செய்யப்பட்டிருக்கும் எங்கள் மகள் பிலோமினாவையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க உத்தரவு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தமிழில் எழுதப்படும் மனுக்கள் மொழிபெயர்ப்பாளர் மேசையில் சில காலம் தங்கிய பிறகே தங்கள் பார்வைக்கு வரும் என்பதை அறிவேன். எனக்கு ஆங்கிலம் எழுத வரும். பிரெஞ்சு எழுதவும் வரும். அதைக் கற்பித்துத்தான் பிழைக்கிறேன். இருந்தாலும் இதைத் தமிழில் எழுதுகிறேன். இம்மனுவில் பேசப்படும் பெண்மணி தமிழ்ப் பெண் என்பதைத் தங்கள் அலுவலகம் நம்ப மறுக்கிறது. அவளைப் பற்றி வேறொரு மொழியில் எழுதி அந்தச் சந்தேகத்தை நானே வளர்க்க விரும்பவில்லை.

2. ஜோசஃபின் புதுச்சேரியில் பிறந்தவள். அவளுடைய தகப்பனார் சைகோனில் பிரெஞ்சு அரசாங்கத்துக்குக் காவல் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் இளைஞராக இருந்த காலத்தில் பிரெஞ்சு அரசாங்கம் தன் ஆளுகையிலிருந்த தமிழர்களுக்காக ஓர் ஏற்பாடு செய்தது. தங்கள் சாதி வழக்கங்களையும் குல வழக்கங்களையும் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வர விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, தங்களுக்கும் தங்கள் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். என் மாமனாரும் போனார். அவர் தேர்ந்தெடுத்த பெயர் பெர்த்தோ. ஏன் அந்தப் பெயர் என்று பிற்பாடு நான் கேட்டதற்கு, சொல்ல வாய்க்கு இதமாக இருந்தது என்றார். பிரான்சு தேசத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. அவருடைய குடும்பத்தில் ஒருவருக்கும் ஐரோப்பிய ரத்தம் இல்லை. என் மனைவி என்னைவிடக் கறுப்பு. அதை அவள் மறைத்ததும் இல்லை, அதற்காக வருந்தியதும் இல்லை.

பிரெஞ்சுச் சட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. பெண்ணுக்குத் திருமணமானாலும் அரசாங்கப் பத்திரங்களில் கடைசிவரை அவள் பிறந்த வீட்டுப் பெயர்தான். ஆகவே என் வீட்டில் திருமதி ஞானசேகரனாகவும், பங்குக் கோயிலில் வாத்தியாரம்மாவாகவும் இருந்தவள், தன் பிறப்புப் பத்திரத்தில் மட்டும் ஜோசஃபின் பெர்த்தோவாகவே இருந்தாள். அந்தப் பத்திரத்தை அவள் புடவைகளுக்கு அடியில் பீரோவில் வைத்திருந்தாள். வேறு எதற்கும் அதை வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை.

3. அவள் பேசிய தமிழைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. புதுச்சேரித் தமிழில் சிப்பாய் என்பவர் சொல்தா. நகராட்சி அலுவலகம் மேரி. திருமணமாகி இங்கே வந்த புதிதில், பக்கத்து வீட்டு ருக்குவிடம், "மேரிக்குப் போய் எழுதிக் குடுத்தாத்தான் குழாய்த் தண்ணி வரும்" என்று சொல்லியிருக்கிறாள். ருக்கு, அந்த மேரியம்மாள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று எங்கள் தெரு முழுவதும் விசாரித்துவிட்டு வந்தாள். பல வருஷம் இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பிரெஞ்சுப் பாடங்களை அவள் அடுப்படியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். பெர்த்தோ என்ற அவளுடைய பெயரையே எடுத்துக்கொண்டால், அதன் கடைசியில் ஓர் எழுத்து எழுதப்படும், உச்சரிக்கப்படாது. அந்த மொழியில் இப்படி வாய் திறக்காத எழுத்துகள் ஏராளம். தமிழில் எழுதிய எழுத்தையெல்லாம் சொல்லித்தான் தீர வேண்டும் என்பதால் நம் பிள்ளைகளுக்கு இது விளங்குவதே இல்லை. சொல்லப்போவதில்லை என்றால் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பார்கள். நான் இலக்கணத்தை ஆரம்பிப்பேன். அவள் உள்ளிருந்து, "வூட்டுக்கு வந்த மாமனார் மாரி. பேச மாட்டாரு. ஆனா எடம் போடணும்" என்று முடித்துவிடுவாள். வகுப்பே சிரித்துவிடும். எனக்கு அப்போது கோபம் வந்ததுண்டு. இப்போது அந்தக் குரல் இல்லாத வீட்டில் பாடம் நடத்த முடியாமல் பையன்களை வராந்தாவில் உட்கார வைக்கிறேன்.

4. அக்டோபரில் இந்த ஊரையே படுக்க வைத்த காய்ச்சல் எங்கள் வீட்டில் முதலில் என்னைப் பிடித்தது. என்னைக் கவனித்துக்கொண்டிருந்த ஜோசஃபின் அடுத்து விழுந்தாள். தற்காலிகக் காய்ச்சல் ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் வண்டி எங்கள் தெருவுக்கு வந்த காலையில் எனக்குச் சுயநினைவு இல்லை. ருக்குவின் கணவர் சேஷகிரிதான் கூட நின்று அவளை வண்டியில் ஏற்றினார். அவர் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வீட்டை விட்டுப் போகும் நோயாளியிடம் ஏதாவது அத்தாட்சி இருக்க வேண்டும் என்று நினைத்து, ருக்குவை விட்டு பீரோவைத் திறக்கச் செய்து, முத்திரை குத்திய அந்தப் பிரெஞ்சுப் பத்திரத்தை எடுத்து வண்டிக்காரர் கையில் கொடுத்தார்.

அவர் செய்தது அன்பினால். நேட்டிவ் வார்டில் பாய்கூட இல்லாமல் தரையில் கிடக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. யுத்தத்தில் பிரான்சு நமக்கு நேச நாடு; அந்த நாட்டு முத்திரையைக் கண்டால் நல்லபடி கவனிப்பார்கள் என்று அவர் நம்பினார். நான் எழுந்து உட்கார்ந்த பிறகு என் முன்னால் நின்று, "மெத்தை போட்ட கட்டில் கிடைக்கும்னுதான் ஸார் குடுத்தேன்" என்று சொல்லி, முகத்தைப் பொத்திக்கொண்டார். இந்த மனுவின் எந்த வரியும் அவர் மீது புகாராகக் கொள்ளப்படக் கூடாது என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

5. பிறகு நடந்தவற்றை அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டோரீன் என்ற ஆங்கிலோ-இந்திய நர்ஸ் என் வீடு தேடி வந்து சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன். பத்திரத்தைப் பார்த்து ஜோசஃபினை ஐரோப்பியப் பெண்கள் வார்டில் பதிவு செய்திருக்கிறார்கள். பதிவு செய்தவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் அப்போது வண்டியில் இருந்தாள். வார்டு வாசலில் இறக்கியபோதுதான் பொறுப்பிலிருந்தவர் புடவையையும் முகத்தையும் பார்த்து, இது தவறு, நேட்டிவ் வார்டுக்குக் கொண்டு போங்கள் என்றிருக்கிறார். நேட்டிவ் வார்டில், இந்த நோயாளி ஐரோப்பியர் பதிவில் இருக்கிறாள், அங்கே பெயரை அடிக்காமல் இங்கே எடுத்துக்கொள்ள முடியாது என்றிருக்கிறார்கள். அடிப்பதற்கு டாக்டர் கையெழுத்து வேண்டும். டாக்டரே காய்ச்சலில் படுத்திருந்தார்.

இரண்டு வார்டுகளுக்கும் நடுவே ஒரு வராந்தா இருக்கிறது. அவளை அங்கே கிடத்தினார்கள். "மாஸ்டர், நான் ரெண்டு பக்கமும் போய்ப் போய் கேட்டேன். ரெண்டு பக்கமும் எங்க லிஸ்ட்ல இல்லன்னே சொன்னாங்க" என்றார் டோரீன். தம்முடைய வேலைக்கு நடுவே அவளுக்குத் தண்ணீரும் சூப்பும் கொடுத்தது அவர்தான். என் மனைவி அவரிடம் எதுவும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை என்றும், "எங்க வூட்டுக்காரருக்கு ஜொரம் எறங்கிச்சான்னு யாராச்சும் போய்ப் பாத்துட்டு வருவாங்களா" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள் என்றும் சொன்னார். மறுநாள் மதியம் அங்கேயே இறந்தாள். அந்த நேரத்தில் எனக்குக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது என்று சேஷகிரி சொல்கிறார். அதை அவளிடம் போய்ச் சொல்ல ஆள் இல்லை.

டோரீன் இதையெல்லாம் என்னிடம் சொன்னதற்காக அவர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்படலாகாது.

6. தொற்றுக் காய்ச்சலில் இறந்தவர்களைத் தலை முதல் கால் வரை துணியில் சுற்றி, மேலே சீட்டுக் கட்டி அனுப்புவது அப்போதிருந்த விதி. சீட்டில் பத்திரத்திலிருந்த பெயரையும், பிரெஞ்சுக் குடி என்பதையும், ஐரோப்பியர் என்பதையும் எழுதியிருக்கிறார்கள். முகம் மூடியிருந்தது. ஆகவே சவ வண்டிக்காரர் சீட்டை நம்பினார். கல்லறைத் தோட்டத்து ஆட்களும் சீட்டை நம்பினார்கள். குருவானவர் அவசர அவசரமாக ஒரு ஜெபம் சொல்லி மந்திரித்தார். என் மனைவி ஐரோப்பியர் பகுதியில், ஒரு மேஜரின் விதவைக்கும் ஓர் எஞ்சின் டிரைவரின் மகளுக்கும் இடையில் அடக்கம் செய்யப்பட்டாள். மேலே நட்ட மரச் சிலுவையில் மதாம் ஜே. பெர்த்தோ, பிரெஞ்சுப் பிரஜை என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியின் வேலிக்கு வெளியே நின்று அதைப் படித்தேன்.

ஐயா, உயிரோடு போனபோது அவளுடைய முகத்தைப் பார்த்து, பெயரை நம்பாமல் வெளியே அனுப்பினார்கள். இறந்த பிறகு முகத்தை மூடிவிட்டு, பெயரை நம்பி உள்ளே எடுத்துக்கொண்டார்கள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

7. அவளுடைய பெயரைப் பிழையாக உச்சரித்தார்கள் என்பதோ, சிலுவையில் ஓர் எழுத்தை விட்டு எழுதிவிட்டார்கள் என்பதோ என் புகார் அல்ல. விட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். அது எனக்குப் பழக்கமான விஷயம். பிழை திருத்தித்தான் என் தலை நரைத்தது. உச்சரிப்பு பிழையானால் சொல்லுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்பதைத்தான் நான் வாழ்நாள் முழுவதும் பார்த்து வருகிறேன். அதைப் பற்றிச் சற்று எழுத அனுமதிக்க வேண்டும். வாத்தியார் புத்தி என்று தாங்கள் நினைத்தாலும் சரி.

தங்கள் முகவரியிலும் என் முகவரியிலும் இருக்கும் கண்டோன்மென்ட் என்ற சொல்லே பிரெஞ்சுச் சொல்தான். பிரெஞ்சுக்காரர் அதைக் கான்தோன்மான் என்கிறார். தங்கள் நாட்டார் கன்டூன்மென்ட் என்கிறார்கள். நாங்கள் கண்டோன்மென்ட் என்கிறோம். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியும் ஊர் ஒன்றுதான். எங்கள் வீட்டில் புடவை வைக்கும் பீரோ, பிரெஞ்சு தேசத்தில் துணி விரித்த மேசையாக இருந்தது; பிறகு அந்த மேசை இருக்கும் அலுவலகத்துக்கே அந்தப் பெயராயிற்று; இங்கே வந்து எங்களுக்கு அலமாரியானது. நீ மேசையாக்கும் என்று யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை. கட்லெட் என்பது அவர்களுக்கு விலா எலும்போடு கூடிய இறைச்சித் துண்டு. சேஷகிரி வீட்டில் அது உருளைக்கிழங்கினால் செய்யப்படுகிறது. ஜோசஃபின் அதைக் கோத்லெத் என்பாள், ருக்கு கட்லீஸ் என்பாள். அந்த வார்த்தையைப் பற்றி வாதாடிக்கொண்டே இருவரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துத் தின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

தங்கள் பட்டாளத்தின் பெரிய பதவியையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்னல் என்று சொல்கிறோம். எழுதும்போது நடுவே ரகர ஒலிக்குரிய எழுத்து கிடையாது. லகர எழுத்துதான் இருக்கிறது. பிரெஞ்சு மொழியிலேயே அது இரண்டு காலங்களில் இரண்டு விதமாக இருந்தது. ஆங்கிலேயர் ஒரு காலத்து எழுத்தையும் இன்னொரு காலத்து ஒலியையும் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். லெஃப்டினன்ட் என்பதில் தாங்கள் சொல்லும் அந்த ஃப்பை எழுத்துக் கூட்டித் தேடினாலும் கிடைக்காது. ஆயினும் எழுத்தும் ஒலியும் பொருந்தவில்லை என்று எந்தக் கர்னலையும் ஒரு வராந்தாவில் கிடத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் மனைவியும் அப்படிப்பட்டவள்தான். அவளை எழுதினால் பிரெஞ்சு, சொன்னால் தமிழ். வார்த்தைகளுக்கு இவ்வளவு தாராளமாக இடம் கொடுத்த இந்த ஊரில் ஒரு பெண்பிள்ளைக்கு இரண்டு வார்டில் ஒன்றில்கூட இடம் கிடைக்கவில்லை. எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை, ஐயா.

8. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று எங்கள் மக்கள் குடும்பத்தோடு போய்க் கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவது தாங்கள் அறிந்த வழக்கம். ஒவ்வொரு வருஷமும் நானும் ஜோசஃபினும் எங்கள் மகள் பிலோமினாவின் கல்லறைக்குப் போவோம். பிலோமினா ஏழு வருஷத்துக்கு முன்பு, நான்கு வயதில் தொண்டை அடைத்து இறந்தாள். அவள் இருப்பது நேட்டிவ் கிறிஸ்தவர் பகுதியில், இரும்புக் கம்பி வேலி ஓரமாக. அவளைப் புதைத்த அன்று ஜோசஃபின் குழி வெட்டியவர்களிடம், "எடது பக்கம் யாரையும் வெச்சிராதீங்க. அது எனக்கு" என்று சொன்னாள். குருவானவரும் ஒப்புக்கொண்டார். அந்த இடத்தில் இன்றுவரை புல்தான் இருக்கிறது.

இந்த வருஷம் நான் தனியாகப் போனேன். மகளுக்கு வர்த்தி ஏற்றிவிட்டு, மனைவிக்கு ஏற்றுவதற்காக ஐரோப்பியர் பகுதியின் வாசலுக்குப் போனேன். காவலாளி ஜெயராஜ் என்னைத் தடுத்தார். எங்கள் பங்கைச் சேர்ந்தவர்தான். என்னை அவருக்குத் தெரியும். "பாஸ் இல்லாம உட்டா என் வேலெ போயிரும் மாஸ்டர். கோச்சுக்காதீங்க" என்றார். பிறகு அவரே என் கையிலிருந்த மாலையையும் வர்த்தியையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று, அது அல்ல, அடுத்தது, இன்னும் தள்ளி, அந்தப் பெரிய கல்லுக்கு இந்தப் பக்கம் என்று வழி சொன்னேன். முதலில் அவர் மேஜரின் விதவைக்கு மாலை போட்டுவிட்டார். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாளுக்கும் யாரும் வந்திருக்கவில்லை. மாலை அங்கேயே இருந்தது. வர்த்தியை மட்டும் சரியான இடத்தில் வைத்தார். காற்றில் அது அணைந்ததா, எரிந்ததா என்று வெளியிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

சுற்றிலும் குடும்பம் குடும்பமாக மக்கள் நின்ற நேரம் அது. என் வயதில் ஒருவன் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பலர் பார்த்தார்கள்.

9. மறு வாரம் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். தாங்கள் சுற்றுப்பயணத்தில் இருந்ததாகச் சொன்னார்கள். அங்கிருந்த குமாஸ்தாவிடம் மதாம் பெர்த்தோவின் கல்லறைக்குப் போக ஒரு பாஸ் வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ அந்தம்மா வீட்டு பட்லரா?" என்று கேட்டார். கணவன் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி. ஆனால் நம்பவும் இல்லை. திருமணச் சான்றிதழைக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு மூன்று விஷயங்கள் சொன்னார். ஐரோப்பியர் பகுதிக்கான பாஸ், இறந்தவரின் ஐரோப்பிய உறவினர்களுக்கு மட்டுமே உண்டு. ஐரோப்பியப் பெண்மணி ஒருவரின் உடலை நேட்டிவ் பகுதிக்கு மாற்ற விதியில் இடமில்லை. அவள் நேட்டிவ் என்று நான் நிரூபிக்க விரும்பினால், பதிவைத் திருத்த வேண்டியது ஆஸ்பத்திரி.

அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காய்ச்சல் ஓய்ந்ததால் அந்தத் தற்காலிக ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வராந்தாவைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அதுவும் போய்விட்டது.

திரும்பி வரும் வழியில் பிரிகேட் ரோடு முழுவதும் யுத்த வெற்றிக்காகத் தோரணம் கட்டியிருந்தார்கள். மற்ற கொடிகளோடு பிரெஞ்சுக் கொடியும் பறந்தது. ஜோசஃபின் இருந்திருந்தால் அதைப் பார்த்து ஏதாவது கேலி பேசியிருப்பாள். என்ன பேசியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே வீடுவரை நடந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்குத்தான் அது வரும்.

10. மேற்கண்ட சங்கதிகளை வைத்து நான் யாருக்கும் தண்டனை கேட்கவில்லை. டாக்டர் நோயில் இருந்தார், குமாஸ்தா விதியைச் சொன்னார், காவலாளி வேலைக்குப் பயந்தார். ஒவ்வொருவரையும் தனித்தனியாக நினைத்தால் எனக்குக் கோபம்கூட வரவில்லை. எல்லோரையும் சேர்த்து நினைக்கும்போதுதான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாஸ் கேட்டும் நான் எழுதவில்லை. ஒரு நாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவதால் என் குறை தீராது. ஏழு வருஷமாக இடது பக்கத்தை யாருக்கும் கொடுக்காமல் காத்திருந்தவள், இப்போது அதே தோட்டத்தில், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில், தன் பிள்ளைக்குப் பக்கத்தில் இல்லாமல் கிடக்கிறாள். நடுவில் இருப்பது ஒரு கம்பி வேலி. இதுதான் என் குறை.

11. ஆகவே தாங்கள் கீழ்க்கண்ட இரண்டில் ஒன்றை உத்தரவிட்டு அருளுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜோசஃபின் நேட்டிவ் பெண் என்று தாங்கள் முடிவு செய்தால், தொற்று விதிகள் இடங்கொடுக்கும் காலத்தில், அது எத்தனை வருஷமானாலும் சரி, அவளை எடுத்து அவள் மகளின் இடது பக்கத்தில் வைக்க அனுமதி தர வேண்டும். அதுவரை அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காதிருக்க ஆணையிட வேண்டும்.

அவள் ஐரோப்பியப் பெண்மணிதான் என்று தங்கள் அலுவலகம் உறுதியாக இருந்தால், நான் இனி மறுத்துப் பேசமாட்டேன். அவள் ஐரோப்பியப் பெண்மணி என்றால் பிலோமினா அந்த ஐரோப்பியப் பெண்மணி பெற்ற பிள்ளை. பிள்ளை இந்தத் தொற்றுக் காய்ச்சலில் இறக்கவில்லை. அவளை எடுப்பதற்குக் காலத்தடை எதுவும் இல்லை. பிள்ளையை வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த் தாயிடம் வைக்க உத்தரவிடுங்கள்.

எந்தப் பதிலாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். உயிரோடு இருந்தபோது அவளுக்கு இரண்டு பதில்களும் ஒன்றாகக் கிடைத்தன. அதில்தான் அவள் செத்தாள். இப்போது ஒரே ஒரு பதில் போதும்.

இரண்டாவது உத்தரவு கிடைத்தால் என் மனைவியும் மகளும் வேலிக்கு உள்ளே இருப்பார்கள். பாஸ் இல்லாத நான் என் காலம் முடியும்வரை வெளியே நிற்பேன். முடிந்த பிறகும் என்னை இந்தப் பக்கம்தான் வைப்பார்கள். அதை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அதற்கும் சம்மதித்தே இதில் கையெழுத்திடுகிறேன்.

இடம்: பிரேசர் டவுன், பெங்களூர்
தேதி: 25 நவம்பர் 1918

இப்படிக்கு,
அ. ஞானசேகரன்
(ஜோசஃபினின் கணவன், பிலோமினாவின் தகப்பன்)